தாவரப் பல்பகுதியங்கள்: ஊறாற்றலும் தீயெதிர்ப்பும்

பிளாத்திக்கு எனப் பொதுவாக வழங்கும் பொருள்கள் யாவும் நிலத்தடி எண்ணெயின் வழித்தோன்றல்களே எனப் பலர் கருதுவர். ஆயின் இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை தாவரத்தின் வயிற்றிற் பிறந்ததேயாகும். 1862 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பொருட்காட்சியில், அலெக்சாந்தர் பாக்சு என்னும் ஆங்கிலேயர், செலுலோசை நைத்திரிக்கமிலத்தால் மாற்றி ஆக்கிய புதுப்பொருளொன்றை மக்களுக்குக் காட்டினார். 1870 இல் அமெரிக்கரான ஜோன் வெசிலி ஹையற் அத்தகைய செலுலோசோடு கற்பூரத்தைக் கூட்டி ஆக்கிய பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். செலுலோயிட்டு எனப் பெயர் பெற்ற அப்பொருள், யானைத் தந்தத்துக்கு ஈடாகச் சீப்பாகவும் பொத்தானாகவும் பந்தாகவும், பின்னர்ப் படச்சுருளாகவும் உலகெங்கும் பரந்தது. பஞ்சும் கற்பூரமும் தாவரத்தின் கொடைகளே. ஆதலின் செலுலோயிட்டைத் தாவரப் பிளாத்திக்கு என்று கூறுதல் முற்றும் பொருந்தும்.

ஆயினும் அது தீயின் உற்ற தோழனாகவும் இருந்தது. 1929 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவ நிலையத்திற் சேமித்து வைக்கப்பட்டிருந்த எட்சுக்கதிர்ப் படங்கள் வெப்பமுற்றுச் சிதைந்து எரிந்தன. அவை நைத்திரோசெலுலோசாலானவை. அவற்றினின்றும் எழுந்த நச்சு வாயுக்களால் 123 பேர் உயிர் துறந்தனர். நோய் தீர்க்கும் மனையே மயானமாயிற்று. தாவரத்தினின்றும் வந்தது என்ற ஒரு காரணத்தால் மட்டும் ஒரு பொருள் நன்மையுடையதாகி விடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இற்றைநாளில் உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றில், மூன்று குணங்களை ஒருங்கேயுடைய பொருளைக் காணும் முயற்சி நடைபெற்று வருகின்றது. அப்பொருள் ஆண்டுதோறும் வளரும் தாவரங்களிலிருந்து கிடைத்தல் வேண்டும் என்பது முதலாவது. கீறல் அல்லது வெடிப்பு உண்டாகுமிடத்து அதனைத் தானே ஆற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது இரண்டாவது. தீக்கு இரையாகாது நிற்றல் வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே அடைதல் இயலும். ஒருங்கே அடைதலே அரிது. அவ்வருமை எதனால் உண்டாகின்றது என்பதும், அதனை வெல்வதற்கு இரசாயனர் கண்ட வழிகள் யாவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பல்பகுதியத்தின் அமைப்பு

சிறிய மூலக்கூறுகள், நூலிற் கோத்த மணிகள் போல, நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் ஒன்றோடொன்று பிணைந்து அமைந்த நெடுஞ்சங்கிலியே பல்பகுதியம் எனப்படும். இவ்வுண்மையை 1920 இல் ஜேர்மானிய அறிஞரான ஹேர்மன் ஸ்ரவுடிங்கர் எடுத்துரைத்தபோது அக்கால அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். அவர் கொள்கை நிலைபெற்று, 1953 இல் அவருக்கு நோபெற் பரிசும் கிடைத்தது. மனிதன் அறியுமுன்னரே தாவரங்கள் இவ்வித்தையை அறிந்திருந்தன. பஞ்சிலும் மரத்திலுமுள்ள செலுலோசு, அரிசியிலும் கிழங்கிலுமுள்ள மாப்பொருள், மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின், இறப்பர் மரத்தின் பாலிலுள்ள இறப்பர் ஆகிய யாவும் பல்பகுதியங்களே.

இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணையாது அருகருகே கிடக்குமாயின், வெப்பம் ஏறுந்தோறும் அவை வழுக்கி நகரும். பொருள் இளகி உருகும். பொலித்தீன் இவ்வகையைச் சேர்ந்தது. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புக்கள் அமையுமாயின் முழுப்பொருளும் வலையொன்றாகிவிடும். அது வெப்பத்தால் இளகாது. 1839 இல் சாள்ஸ் குட்இயர் இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது நிகழ்ந்தது இதுவேயாகும். முதல்வகை மீண்டும் வார்க்கத்தக்கது. ஆயின் தீயில் உருகிச் சொட்டும். இரண்டாம் வகை உருகிச் சொட்டுவதில்லை. ஆயின் ஒருமுறை வெடித்தால் மீளப் பொருந்தாது. இவ்வேறுபாட்டிலேயே பின்னர்க் கூறப்படும் சிக்கலின் வேர் உள்ளது.

மரம் கற்பிக்கும் பாடம்

ஊறாற்றலும் தீயெதிர்ப்பும் இயற்கைக்குப் புதியனவல்ல. 1876 இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவிலுள்ள எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அன்று தொட்டு இந்நாட்டு மக்கள் ஒரு காட்சியை நாளும் கண்டு வருகின்றனர். பட்டை வெட்டப்பட்டவுடன் பால் பெருகும். சிறிது நேரத்தில் அது தானே உறைந்து வெட்டுவாயை அடைக்கும். அப்பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, அவற்றினுள்ளிருந்த புரதம் வெளிப்பட்டு, இறப்பர்த் துணிக்கைகளை ஒன்று சேர்ப்பதே இதற்குக் காரணம்.

தீயை எதிர்க்கும் மரங்களும் உள. போர்த்துக்கல் நாட்டின் தக்கை மரம் தடித்த புறப்பட்டையைப் போர்வையாகக் கொண்டது. காட்டுத்தீ கடந்து சென்ற பின்னரும் அம்மரம் மீண்டும் தளிர்க்கும். புறத்தே பட்டை கரியாகின்றது. அக்கரியும் தக்கையின் காற்றறைகளும் உள்ளேயுள்ள உயிர்க்கலங்களுக்கு வெப்பம் செல்லாது காக்கின்றன.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. மரம் ஊறாற்றும் தொழிலை உள்ளிருக்கும் உயிருள்ள இழையத்துக்கும், தீயை எதிர்க்கும் தொழிலைப் புறத்தேயுள்ள உயிரற்ற பட்டைக்கும் பகிர்ந்தளித்துள்ளது. அசையும் பொருளால் ஆற்றுகின்றது; அசையாப் பொருளாற் காக்கின்றது. இரசாயனரோ இவ்விரு தொழிலையும் ஒரே பொருளிடம் வேண்டி நிற்கின்றனர்.

ஊறாற்றும் முறைகள்

2001 இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொற் வைற் என்பவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முறை, இறப்பர் மரத்தின் முறையைப் பெரிதும் ஒத்தது. இறுகிய பிளாத்திக்கினுள் நுண்ணிய உறைகள் பல பதிக்கப்பட்டன. அவற்றுள்ளே பல்பகுதியமாக மாறத்தக்க திரவம் அடைக்கப்பட்டிருந்தது. வெடிப்பு உறையைப் பிளந்தவுடன் திரவம் கசிந்து, புறத்தே விரவியிருந்த ஊக்கியைச் சந்தித்து இறுகியது. இழந்த உறுதியில் 75 சதவீதம் வரை மீண்டது. ஆயின் உறை ஒருமுறை உடைந்தாற் பின்னர் உதவாது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை உண்டாகும் புண்ணுக்கு மருந்தில்லை.

இக்குறையை நீக்குவதற்குப் பிணைப்பையே மீளத்தக்கதாக ஆக்குதல் வேண்டும். 2002 இல் பிரெட் வூடில் என்பவர் தம் குழுவினரோடு இதனைச் செய்து காட்டினார். பியூரான் வளையமும் மலேயிமைட்டு வளையமும் கைகோத்து உண்டாகும் பிணைப்பு ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேல் ஓரளவு பிரியும். ஆறும்போது மீண்டும் கூடும். பியூரான் சேர்வைகளின் தாயாகிய பேபியூரல், சோளப் பொத்திகளின் சக்கையிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் பெறப்படுவது. மனிதர் உண்ணாது எறியும் பகுதியிலிருந்து புண்ணாற்றும் பிணைப்பொன்று கிடைக்கின்றமை கருதத்தக்கது.

2008 இல் பாரிசு நகர ஆய்வாளரான லூட்விக் லைப்லர் குழுவினர், தாவர எண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் கொண்டு இறப்பர் போன்ற பொருளொன்றை ஆக்கினர். அதிலே மூலக்கூறுகளை ஒன்று சேர்த்து வைத்திருப்பவை ஐதரசன் பிணைப்புக்கள். அப்பொருளை இரண்டாக வெட்டி, வெட்டிய முகங்களை அறைவெப்பநிலையிலேயே சேர்த்து அழுத்தினால் அவை மீண்டும் ஒன்றாகும். வெட்டிய பின் நெடுநேரம் பிரித்து வைத்தாலோ அவ்வாற்றல் குன்றும். துணையிழந்த பிணைப்புக்கள் தத்தம் முகத்திலேயே வேறு துணையைத் தேடிக்கொள்ளும்.

தீயின் இயல்பு

திண்மப் பொருள் பெரும்பாலும் நேரே சுவாலைவிட்டு எரிவதில்லை. வெப்பத்தால் அது சிதைந்து வாயுக்களை விடும். அவ்வாயுக்களே காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சுவாலையாகும். சுவாலையின் வெப்பம் மேலும் பொருளைச் சிதைக்கும். இச்சுற்று அறுபடாதவரை தீ வளரும்.

2017 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆம் நாள் இலண்டனில் கிறென்வெல் என்னும் 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 உயிர்கள் மாண்டன. சுவர்ப்புறத்தே போர்த்தப்பட்டிருந்த அலுமினியப் பலகைகளின் நடுவிலிருந்த பொலித்தீனே தீ விரைந்து பரவுதற்குத் தலையாய காரணம் என விசாரணையிற் கண்டனர். பொலித்தீன் ஒரு கிலோகிராம் எரியும்போது ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பத்தை வெளிவிடும். அது பெற்றோலின் வெப்பத்தை ஒத்தது. செலுலோசு ஏறத்தாழ 17 மெகாயூல் மட்டுமே தரும். செலுலோசின் மூலக்கூறில் ஒட்சிசன் ஏற்கெனவே மிக்கிருத்தலே இதன் காரணம். ஆயின் தாவர எண்ணெய்கள் 40 மெகாயூல் அளவு தருவன. ஆகவே தாவரம் என்னும் பெயர் ஒன்றாயினும், அதன் எப்பகுதி கொள்ளப்படுகின்றது என்பதே தீயின்முன் பொருட்படுத்தத்தக்கது. விளக்கெரிக்கும் எண்ணெயிலிருந்து பிறந்த பொருள் விளக்கின் குணத்தை முற்றும் மறந்துவிடாது.

தீயின் சுற்றை அறுப்பதற்கு வழிகள் பல. புரோமீன் சேர்வைகள் சுவாலையினுள்ளே புகுந்து அங்கு நிகழும் தாக்கங்களைத் தடுக்கும். இவை நெடுங்காலம் பெரிதும் கையாளப்பட்டன. ஆயின் குழந்தைகளின் இரவாடைகளிற் சேர்க்கப்பட்ட திரிசு என்னும் புரோமீன் சேர்வை பரம்பரையலகுகளைச் சிதைப்பதெனக் கண்டு, 1977 இல் அமெரிக்காவில் அத்தகைய ஆடைகள் தடை செய்யப்பட்டன. புரோமீனேற்றிய வேறு சில தீத்தடுப்பிகள், அழியாது உயிர்களின் உடலிற் சேர்வன என்ற காரணத்தால், 2009 இலும் 2017 இலும் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. தீயிலிருந்து காக்க வந்தது நஞ்சாயிற்று.

மற்றொரு வழி இதனினும் தொன்மையானது. 1821 இல் பிரெஞ்சு அறிஞரான கேலூசாக்கு, அரங்கத் திரைச்சீலைகள் தீப்பற்றாதிருத்தற்கு அமோனியம் பொசுபேற்று, வெண்காரம் முதலிய உப்புக்களைப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். செலுலோசு தனித்து வெப்பமேறும்போது எரியத்தக்க ஆவிகளாகச் சிதையும். பொசுபரசு சேர்வை உடனிருப்பின், வெப்பத்தால் அது பொசுபோரிக்கமிலமாகிச் செலுலோசிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும், எஞ்சுவது கரி. நீர் நெருப்பைத் தணிக்கும், கரி கவசமாகும். தக்கை மரத்தின் பட்டை செய்வதும் கரிக்கவசம் அமைத்தலேயன்றோ!

இத்தொழிலுக்கு வேண்டிய பொசுபரசையும் தாவரமே தருகின்றது. வித்துக்கள் முளைக்கும்போது வேண்டப்படும் பொசுபரசைப் பைற்றிக்கமிலமாகச் சேமித்து வைக்கின்றன. அரிசித் தவிட்டில் அது மிகுதி. அதன் நிறையில் ஏறத்தாழ 28 சதவீதம் பொசுபரசாகும். 2012 இல் அமெரிக்காவின் ரெக்சாசு ஆய்வாளர்கள், பைற்றிக்கமிலத்தையும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசனையும் பருத்தித் துணியின்மீது மெல்லிய படைகளாக மாறிமாறிப் பூசினர். அத்துணியிற் பற்றவைத்த தீ தானே அவிந்தது. ஆயின் பைற்றிக்கமிலம் நீரிற் கரைவது. ஆதலின் வெறுமனே பூசப்பட்டது சலவையிற் கழுவுண்டு போகும். சங்கிலியோடு பிணைக்கப்பட்டதே நிலைக்கும்.

முரண்பாடும் அதனை வெல்லும் வழியும்

புண் ஆறுவதற்கு மூலக்கூறுகள் அசைதல் வேண்டும். அசைவு மிகுந்த பொருள் வெப்பத்தில் இளகும், சொட்டும், எரியும். தீயை எதிர்ப்பதற்கு மூலக்கூறுகள் நெருங்கிப் பிணைந்து, கரியாகும் தன்மையுடையனவாதல் வேண்டும். அவ்வாறு பிணைந்தவை அசையா, ஆகவே ஆற்றா. தீத்தடுப்புத் தூள்களைக் கலந்து இதனைத் தீர்க்கலாம் என்பாருமுளர். ஆயின் அலுமினியம் ஐதரொட்சைட்டுப் போன்றவற்றை நிறையில் 60 சதவீதம் அளவு சேர்த்தாலே போதிய பயன் உண்டு. அத்துணை மாவைச் சுமந்த பொருள் விறைத்துவிடும். வெட்டிய முகங்கள் பொருந்தமாட்டா. ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை விற்பது போலாகும் அது.

இம்முரண்பாட்டின் முடிச்சு 2011 இல் ஓரளவு அவிழ்க்கப்பட்டது. லைப்லர் குழுவினர் எப்பொட்சிப் பிசினைக் கொழுப்பமிலங்களோடு பிணைத்து, நாகச் சேர்வையொன்றை ஊக்கியாகச் சேர்த்தனர். அவ்வலையிலுள்ள எசுத்தர்ப் பிணைப்புக்கள் உயர்ந்த வெப்பநிலையில் ஒன்றோடொன்று இடம் மாறும். ஒரு கை விடுமுன்னரே மற்றொரு கை பற்றிக்கொள்ளும். ஆகவே பிணைப்புக்களின் மொத்தத் தொகை குறைவதில்லை, வலை அறுவதில்லை. பொருள் திடீரென உருகாது, கண்ணாடிபோலச் சிறிது சிறிதாக இளகும். விற்றிமர் எனப் பெயர் பெற்ற இவ்வகையில், அசைவும் பிணைப்பும் முதன்முறையாக ஒரு வீட்டில் வாழத் தொடங்கின எனலாம். ஆயின் எசுத்தரும் கொழுப்பமிலமும் எரிவன. அங்குப் பயன்பட்ட எப்பொட்சியும் தாவரத்தினின்றும் வந்ததன்று.

அடுத்த படி, இடம் மாறும் பிணைப்பையே தீயை எதிர்க்கும் பிணைப்பாகவும் தெரிந்தெடுத்தலாகும். இதற்கு மூன்று வழிகள் காணப்படுகின்றன. முதலாவது, மரத்தின் இலிக்னினிலிருந்தும் பெறத்தக்க வனிலினை அமீன்களோடு சேர்த்து இமீன் பிணைப்புக்களை ஆக்குதல். இவை மிதமான வெப்பத்தில் இடம் மாறிப் புண்ணை ஆற்றும். தீயின் வெப்பத்திலோ வனிலினின் வளையங்களோடு மேலும் நெருங்கிப் பிணைந்து கரியாவதற்குத் துணைபுரியும். இரண்டாவது, மேற்கூறிய பியூரான் வளையங்களைக் கையாளுதல். பியூரான் பிசின்கள் கரி மிகத் தருவன. மூன்றாவது, பொசுபேற்று எசுத்தர்களையே வலையின் கணுக்களாக அமைத்தல். அப்பிணைப்பு இடமும் மாறும், தீயில் அமிலமாகிக் கரியையும் விளைவிக்கும். தடுப்பி வேறு, பொருள் வேறு என்னும் பிரிவு இங்கு இல்லை. கழுவுண்டு போகவும் கசிந்தோடவும் தனியே எதுவுமில்லை.

இவற்றின் தத்துவத்தை ஒரு வெப்ப ஏணியாகக் கொள்ளலாம். கீழ்ப்படியாகிய அன்றாட வெப்பநிலையிற் பொருள் உறுதியாக நிற்கும். நடுப்படியிற் பிணைப்புக்கள் இடம் மாறிப் புண் ஆறும். மேற்படியாகிய தீயின் வெப்பநிலையில் அப்பிணைப்புக்களே கரிக்கவசமாக மாறும். படிகளுக்கிடையே போதிய தூரம் இருத்தல் வேண்டும் என்பதே திறமையின் உரைகல். பொசுபரசு சேர்வைகள் பொருளின் சிதைவைச் சற்று முந்திய வெப்பநிலையிலேயே தொடக்கிவிடுவதுண்டு. நடுப்படியும் மேற்படியும் நெருங்கினால் ஆற்றும்போதே பொருள் சிதையத் தொடங்கும்.

இவ்விரு குணங்களும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதும் மறத்தற்பாலதன்று. மின்கம்பியின் உறை வெடிக்குமிடத்திற் பொறி பிறக்கும். தீக்காப்புப் பூச்சு வெடிக்குமிடத்தில் வெப்பம் உட்புகும். வெடிப்பை ஆற்றத் தெரியாத தீக்கவசம் காலப்போக்கிற் கவசமாகாது.

நிலைபேறு என்னும் அளவுகோல்

பொருள் தாவரத்திற் பிறந்ததாலேயே நிலைபேறுடையதாகாது. உணவு விளையும் நிலத்தைப் பறித்து வளர்க்கப்படும் பயிரா, தவிடும் சக்கையும் போன்ற கழிவா என்று முதலில் வினாதல் வேண்டும். ஆமணக்கெண்ணெய் உணவாகாத எண்ணெய். அதிலிருந்து ஒருவகை நைலோனை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் பிரான்சியர் ஆக்கி வந்துள்ளனர். சேர்க்கப்படும் ஊக்கியும் கரைப்பானும் தீங்கற்றனவா என்பது அடுத்த வினா. பயன் முடிந்தபின் பொருளுக்கு நேர்வது யாது என்பது மூன்றாவது. இவ்விடத்தில் மீளும் பிணைப்புக்கள் ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் உடன் கொணர்கின்றன. இமீன் வலையை மென்னமிலத்திலே கரைத்து, அதனுட் பதித்த காபன் நார்களைச் சேதமின்றி மீட்கலாம். ஆயின் அவ்வியல்பு காரணமாகவே அமிலமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அது நெடுநாள் உழைப்பது கடினம். விற்பவர் நன்மையை உரக்கக் கூறுவர்; தீமையைக் கேட்டறிதல் வாங்குவோர் கடன்.

செலுலோயிட்டு தந்தத்துக்கு மாற்றாயிற்று. அதன் எரியும் குணத்துக்குரிய விலையைக் கிளீவ்லாந்து நோயாளர் கொடுத்தனர். புரோமீன் தீயைத் தடுத்தது. அதன் நஞ்சுக்குரிய விலையைப் பின்வந்தோர் கொடுக்கின்றனர். பொலித்தீன் மலிவும் இலகுவும் உடையதாயிருந்தது. கிறென்வெல் குடிமக்கள் அதன் விலையைக் கொடுத்தனர். ஒரு குணத்தை மட்டும் நோக்கி வரவேற்கப்பட்ட பொருள் ஒவ்வொன்றும், நோக்கப்படாத குணத்துக்குரிய கடனைப் பிறர் தலையில் வைத்தே சென்றது. ஆதலின் மூன்று குணங்களையும் ஒருங்கே வேண்டிநிற்கும் இப்புதிய முயற்சியின் மெய்யான சிறப்பு, அது கண்ட பொருள்களில் மட்டும் தங்கியதன்று. ஒரு பொருளைப் புகழுமுன் அது எங்கிருந்து வந்தது, உடைந்தால் என்னாகும், எரிந்தால் என்னாகும் என்னும் மூன்றையும் சேர்த்து வினாவும் பழக்கத்தை அது கற்பிக்கின்றது. இரசாயனம் பயிலும் மாணாக்கர் சமன்பாடுகளோடு இவ்வினாக்களையும் மனத்திற் கொள்வாராயின், வருங்காலத்தில் ஆக்கப்படும் பொருள்கள் மனிதருக்குத் துணையாவனவேயன்றித் தீங்காகா என நம்புதற்கு இடமுண்டு.